வசந்தாமணியின் சைபர்கள்

இக்கதையை நான் கேட்டது ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு செல்லும் தனியார் பேருந்தில், 2019ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல். சொன்னவர் நல்லசிவம், நாற்பது வயதுக்குள் இருப்பார், கோபிப் பக்கத்துக்காரர், கோவையில் மென்பொருள் பொறியாளர். பள்ளிபாளையம் பாலத்தில் லாரி ஒன்று பழுதாகிக் குறுக்கே நின்றதால் பேருந்து நெடுநேரம் நகரவில்லை. நான் வாய்மொழிக் கதைகளைச் சேகரிப்பவன் என்று அறிந்ததும் அவராகவே தொடங்கினார். கிளைப்பேச்சுகளை நான் நீக்கவில்லை. பிறர் பேச்சை அவர் சொல்லிக்காட்டியபடியே விட்டு, மற்றவற்றை மட்டும் எழுத்து நடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

பேச்சைப் பதிகிற அந்தப் பெட்டி ஓடுகிறதா, ஐயா? ஓடட்டும். நான் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. நீங்கள் பெரியவர், பல பேர் பேச்சைக் கேட்டவர். முழுவதும் கேளுங்கள். கேட்டுவிட்டு, இந்த இடத்தில் நீ தப்பு செய்தாய் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாது. நானே பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன். பிழை கண்டுபிடிப்பதுதானே என் தொழில்?

என் அக்கா என்னோடு பேசுவதில்லை. வசந்தாமணி என்று பெயர். திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே ரிக் வண்டி வைத்திருக்கிறார்கள், போர்வெல் போடுகிற வண்டி. வடக்கே எங்கெங்கோ போய்க் குழி போட்டுவிட்டு வரும். வசதிக்குக் குறைவில்லை. அந்தக் கல்யாணம் நடந்ததே என்னால்தான். நான் செய்த கருவியால்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

சரி, வேலையைச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் கம்பெனி ஒரு திருமணத் தகவல் மையம். முதலாளி சின்னுசாமி அண்ணன் முன்பு ஊர் ஊராக நடந்த தரகர். முன்பு கக்கத்தில் வைத்திருந்த ஜாதகங்களை இப்போது செல்போனுக்குள் வைத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பெண் எங்களிடம் பதிவு செய்தால் அவள் பெயர், படிப்பு, ஜாதகம், கூட்டம் என்கிற குலப்பிரிவு, போட்டோ, எந்தெந்த வீட்டு வரன் வந்தது, அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் கிளை கிளையாக நிற்கும். மரம் மாதிரி. மரத்தை அப்படியே ஒரு செல்போனுக்கு அனுப்ப முடியுமா? மடக்கி, அடுக்கி, ஒரே கட்டாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். வாங்குகிற செல்போன் கட்டைப் பிரித்து மறுபடியும் மரமாக நிறுத்திக்கொள்ளும். சீரியலைஸ் செய்வது என்போம். நீங்கள் கட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிய பிறகு மனிதக் கண்ணுக்கு அது வெறும் எழுத்துக் குப்பை. உள்ளே எது எங்கே இருக்கிறது, எது இடத்தை அடைக்கிறது, ஒன்றும் தெரியாது. தாளவாடி, பர்கூர் மலைப்பக்கமெல்லாம் சிக்னல் இல்லாமல் எங்கள் ஆப் திறக்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கட்டு அவ்வளவு பெரிது. நான் ஒரு கருவி செய்தேன். கட்டைப் பிரிக்காமலே உள்ளே பார்க்கும். எந்தக் கிளை எவ்வளவு கனம் என்று வரைந்து காட்டும். கனமான கிளை சிவப்பு, லேசானது பச்சை. எக்ஸ்ரே என்று ஆபீசில் பெயர் வைத்தார்கள். எந்தக் கிளையை வெட்டினால் ஒரு சேதமும் இல்லை என்பதையும் அதுவே சொல்லும். அந்தப் பகுதிதான், ஐயா, என் மூளை.

சோதித்துப் பார்க்க ஒரு கனமான கட்டு வேண்டியிருந்தது. தேடினேன். எங்களிடம் இருந்த அத்தனை பெண்களிலும் பெரிய கட்டு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் அக்காவுடையதுதான்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அவளிடமே சொன்னேன், "கம்பெனியிலயே நீதாங்க்கா குண்டு" என்று. அவளும் சிரித்தாள். அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஏன் அவ்வளவு பெரிதென்றால், அவள் வேண்டாம் என்று சொன்ன வரன்கள் அத்தனை. அதற்கு ஒரு பின்கதை உண்டு. அக்கா கோபியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலையில் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க வருவதும், பலகாரம் சாப்பிடுவதும், போய்ச் சொல்கிறோம் என்று போவதும் சில வருடங்கள் நடந்தன. ஒருநாள் ஒரு கூட்டம் வந்துவிட்டுப் போனதும் தட்டைக்கூட எடுக்காமல் அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே யாரு முன்னாலயும் வந்து நிக்க மாட்டனுங்கப்பா. வேணும், வேண்டாம்ங்கறத நாஞ்சொல்லோணும். எனக்குப் பதுலு வேற யாரும் சொல்லக் கூடாது."

அப்பா கோபக்காரர். கையை ஓங்கிவிடுவார் என்று அம்மா பயந்துபோய் நடுவில் வந்துவிட்டாள். ஆனால் அப்பா கையை ஓங்கவில்லை. "சரி சாமி. உன்ர கையால சரின்னு சொல்லாம ஒருத்தன் செருப்பு நம்ம வாசல்ல கழலாது. நானும் கேக்க மாட்டேன், உங்கம்மாளும் கேக்க மாட்டா" என்றார்.

அப்படிச் சொன்ன பிறகுதான் எங்கள் கம்பெனியில் அவளே பதிவு செய்துகொண்டாள். பாஸ்வேர்டு அவளிடம். வரன் வரும், பார்ப்பாள், பதிலை அழுத்துவாள். அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கேட்டதே இல்லை. நான்தான் எப்போதாவது கேட்பேன்.

"இந்த எஞ்சினியருக்கு என்னக்கா குறை?"

"குறையின்னு நாஞ்சொன்னனா?"

"அப்புறம்?"

"வேண்டாம் சிவா."

வேண்டாம் என்பது ஒரு காரணமா, ஐயா? எங்கள் ஆப்பில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. உயரம் போதாது, ஊர் தூரம், ஏதாவது எழுதலாம். ஒன்றிலும் அவள் எழுதியதில்லை. அவளுக்கு மனதில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்கிறீர்களா? இல்லை. எனக்குத் தெரிந்து இல்லை. நான் கேட்டதில்லை.

இப்போது கவனியுங்கள். பதிலை எண்ணாகத்தான் வைத்திருந்தோம். வேண்டும் என்றால் ஒன்று. வேண்டாம் என்றால் சைபர். ஆரம்பத்தில் யாரோ அப்படி வைத்தது, நான் வைத்ததல்ல. எக்ஸ்ரேயில் அக்காவின் கட்டைப் போட்டதும் பதில் கிளை முழுவதும் சிவப்பு. உள்ளே போனால் சைபர், காரணம் காலி; சைபர், காரணம் காலி; வரிசையாக அதேதான். ஒன்றுமில்லாததைச் சுமந்துகொண்டு அவ்வளவு பெரிய கட்டு மலையேறிக்கொண்டிருக்கிறது! சைபராகவும் காலியாகவும் இருக்கிற கிளையைக் கட்டாமலே விட்டுவிட்டால் என்ன? பிரிக்கிறவன், அதாவது பிரிக்கிற புரோகிராம், அங்கே ஒன்றும் இல்லையென்றால் சைபர் என்று எடுத்துக்கொள்ளப் போகிறான். நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை இது. உலகம் முழுவதும் செய்கிறார்கள். அதில் ஒரே ஒரு சொல் காரணம் எழுதியிருந்தால்கூடக் கிளை நின்றிருக்கும், கருவி வெட்டியிருக்காது. எழுதவில்லையே. அதற்கு நான் என்ன செய்ய?

ஷாஹிதா என்று ஒரு பெண். நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்த்து விடுவது அவள் வேலை. என் பக்கத்து நாற்காலி. எதையும் நோண்டுவாள்.

"சிவம், வேண்டாம்னு சொன்னதும் ஒரு பதில்தானே? ஒண்ணுமே சொல்லாம இருக்கறதும் இதுவும் ஒண்ணாயிடாதா?"

"கட்டைப் பிரிச்சுப் படிக்கிறவன் சைபர்னு எடுத்துக்குவான்."

"எல்லாப் படிக்கிறவனுமா?"

"எல்லாரும்தான். உனக்கு டீ வேணுமா, வேண்டாமா?"

"பதில் சொல்லல பாருங்க. அதை வேண்டாம்னு எடுத்துக்குவீங்களா, வேணும்னு எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே எழுந்து போய் டீ எடுத்துக்கொண்டாள். கிண்டல்காரி. ஆனால் கையெழுத்துப் போட்டாள். அவளும்தான் போட்டாள்.

கட்டு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஐயா. பர்கூரில் ஆப் திறந்தது. சின்னுசாமி அண்ணன் எல்லோருக்கும் பிரியாணி போட்டார். எனக்குக் கேடயம் என்று அறிவித்தார். அக்காவின் கட்டு எப்படி ஆயிற்று தெரியுமா? பச்சை. முழுப் பச்சை. அதையும் அவளிடம் சொன்னேன்: "உன்னை இளைக்க வச்சுட்டேன்க்கா." "எதக் கொறச்ச?" என்றாள். "சும்மா கெடந்ததைத்தான்" என்றேன்.

இதுவரைக்கும் தப்பு இருக்கிறதா? இல்லை. அதன்பிறகு நடந்தது என் வேலையே இல்லை. வேறு பிரிவு, வேறு ஆட்கள்.

சின்னுசாமி அண்ணனுக்கு ஒரு யோசனை. கூட்டத்தில் சொன்னார்: "நம்ம பக்கத்து ஆளுங்க வேண்டாம்னா மொகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லமாட்டாங்க கண்ணு. ஜாதகம் சேரலீம்பாங்க. அதுவுஞ் சொல்லாம சும்மா இருக்கறாங்கன்னா, மனசுல எண்ணம் ஓடுதுன்னு அர்த்தம். எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை வரட்டும்னு பாத்துட்டு இருப்பாங்க. நான் எத்தன கல்யாணம் அப்படி முடிச்சிருக்கறேன்!" உண்மைதான், எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆகவே, ஜாதகம் பொருந்தி, பதிலே வராமல் இருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு செய்தி போகும்படி அந்தப் பிரிவினர் எழுதினார்கள். 'பெண் வீட்டார் பரிசீலனையில் உள்ளனர். தாங்கள் நேரில் பேசலாம்.' அவர்கள் சைபரைத் தேடவில்லை. பதில் கிளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். கிளை இல்லை. ஆகவே பதில் இல்லை. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திருச்செங்கோட்டுக்கு அந்தச் செய்தி போயிருக்கிறது. முதலில் அப்பாவுக்குப் போன் செய்தவர்கள் அவர்கள்தான். அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மகள் கடைசியில் சரி என்று அழுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அவளிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா? கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று வேறு பயம். வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு லேபில் அரைநாள். நான் ஊரில் இருந்தேன். அவர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். படிக்குக் கீழே அத்தனை செருப்புகள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. அம்மாதான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"இவங்க யாருங்கப்பா?"

"என்ன சாமி, தெரியாத மாதிரி கேக்கறே? நீ சொல்லித்தானே வந்திருக்கறாங்க."

"நான் சொல்லலீங்களே."

மாப்பிள்ளையின் அப்பா போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. அக்கா வாங்கிப் படித்தாள். "இவங்களுக்கு நான் வேண்டாம்னு போட்டிருக்கறேன்" என்றாள். அதை முகத்துக்கு நேராகச் சொன்னாள், ஐயா. வந்தவர்கள் முன்னால். அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

பிறகு அக்கா என்னைப் பார்த்தாள். நிம்மதியாகத்தான் பார்த்தாள். "சிவா, உன்ர கம்ப்யூட்டர எடுத்துட்டு வா. தொறந்து காட்டு. நான் என்ன சொல்லியிருக்கறேன்னு இவங்களுக்குக் காட்டு."

கொண்டுவந்தேன். டீப்பாயில் வைத்துத் திறந்தேன். எக்ஸ்ரேயில் அவள் கட்டைப் போட்டேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வந்த வரன்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. திருச்செங்கோட்டுப் பெயரும் இருந்தது. அதைத் தொட்டு விரித்தேன். ஊர் இருந்தது, கூட்டம் இருந்தது, நட்சத்திரம் இருந்தது. பதில் என்ற இடமே இல்லை.

"எங்க சிவா?"

"இதுல இல்லைக்கா."

"நான் சொன்னேன். உனக்கே தெரியும்."

"இருந்தா வந்திருக்கும்க்கா. இல்லை."

நான் பொய் சொன்னேனா? இருப்பதைத்தானே சொன்னேன்? அவள் இதற்கு மட்டும் ஏதாவது அழுத்த மறந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? சைபராக இருந்து போனதா, ஆரம்பத்திலிருந்தே இல்லாமல் இருந்ததா என்று பார்த்துச் சொல்ல இப்போது வழியில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெரியாததைத் தெரிந்ததாகச் சபையில் சொல்வது சரியா?

அவள் புத்திசாலி. சட்டென்று பிடித்துவிட்டாள். "நீ இளைக்க வச்சன்னு சொன்னியே. அதுல போயிருச்சா?"

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன். "அது வெறும் சைபர்க்கா. ஒண்ணுமில்லாததத்தான் எடுத்தேன்."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். "விடுங்க மச்சான். புள்ளைக்கு வெக்கம். எங்கூட்லயும் அப்படித்தான், சரின்னு சொல்லிப்போட்டு உள்ள போய் ஒளிஞ்சுக்கும்" என்றார். கூடத்தில் எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அப்பாவும் சிரித்தார். அவர் வாக்கு மீறவில்லை என்று ஆகிவிட்டதல்லவா? அம்மா உள்ளே காபிக்கு ஓடினாள். அக்கா அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு பச்சை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

ஷாஹிதாவிடம் திங்கட்கிழமை சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். "வெட்டறதுக்கு முந்தின பழைய படி, பேக்கப் காப்பி, இன்னும் சர்வர்ல கெடக்கு சிவம். தானா அழியறதுக்குக் கொஞ்ச நாள் இருக்கு. வாங்க, எடுத்துடலாம். உங்க அக்கா சொன்னது அப்படியே இருக்கும்."

"எடுத்து யாருக்குக் காட்டறது? வெத்தலை மாத்தியாச்சு."

"உங்கப்பாவுக்குக் காட்டுங்க."

"அவரு மனசு ஒடைஞ்சிரும்."

"அப்ப உங்க அக்காவுக்காவது காட்டுங்க. அவங்க சொன்னது நிஜம்னு அவங்களுக்காவது தெரியட்டும்."

அக்கா சொன்னது அக்காவுக்குத் தெரியாதா? எதற்கு எடுத்துக் காட்ட வேண்டும்? ஷாஹிதாவுக்குக் குடும்பத்துக்குள் என்ன நடக்கும் என்று புரியாது. மேலும் அதை எடுக்க வேண்டுமானால் எழுதிக் கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், என் கருவியின் பெயர் அதில் வரும். கேடயம் தருகிற விழா அந்த வாரம்தான் இருந்தது. அது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பழைய படி தானாக அழிந்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பிழையையும் திருத்திவிட்டார்கள். இப்போது வேண்டாம் என்பதற்கு இரண்டு என்று வைத்திருக்கிறார்கள். இரண்டை என் கருவி வெட்டாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அழவில்லை. புடவை எடுக்கக் கூப்பிட்டார்கள், வந்தாள். எந்தக் கலர் என்று கேட்டார்கள், எதுவும் சொல்லவில்லை, அம்மாவே எடுத்தாள். லேபை விட்டுவிடச் சொன்னார்கள், சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர்களே விட்டதாக வைத்துக்கொண்டார்கள். அப்பா என்னிடம் சொன்னார்: "பாத்தியா, வேண்டாம்னு அவ வாயில வந்துதா? மனசு இருந்திருக்குது. நாமதான் இத்தன வருசம் கண்டுக்கல."

இன்றைக்கும் அங்கேதான் போகிறேன். மாதம் தவறாமல் போவேன். மச்சான் வண்டியோடு வடக்கே போயிருப்பார். அவள்தான் கதவைத் திறப்பாள். தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். நான் பேசுவேன். ஆபீஸ், அம்மாவின் முழங்கால் வலி, எல்லாம் சொல்வேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள், இல்லை, கேட்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். "என்மேல கோபமாக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். ஆமாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த மாதம் வரட்டுமா என்று கேட்பேன். வராதே என்று சொன்னதில்லை. ஆகவே வரச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறேன்.

லாரியை நகர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது. சொல்லுங்கள், ஐயா. எங்கே தப்பு? நீங்களும் ஒன்றும் சொல்லவில்லையே. அப்படியானால் இல்லை என்றுதானே அர்த்தம்?

பாடவேறுபாடு: ஓசூரில் ஒரு மென்பொருள் நிரலர் சொல்லக் கேட்ட வடிவத்தில், பெண் அன்றே கைப்பையுடன் வெளியேறி வேற்றூரில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள், எந்த ஊர் என்பது சொன்னவருக்குத் தெரியவில்லை, உண்மையில் போனாளா என்று கேட்டதற்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். சரவணம்பட்டியில், மறு ஆண்டு தை மாதம், தம் பெயரை வெளியிட விரும்பாத ஒரு பெண் பொறியாளரிடம் கேட்ட வடிவம் இதைவிட விரிவானது. அதில் தம்பி மறைப்பதில்லை. பழைய படியை அழியுமுன் எடுத்து, மறுநாளே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பனார் முன் விரிக்கிறான். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மகளின் பதில் நிற்கிறது. தகப்பனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை படிக்கிறார். "இத்தன பேருக்கா வேண்டாம்னு போட்டிருக்கறே?" என்று மகளைக் கேட்கிறார். பிறகு போனை எடுத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் முகூர்த்தத்தைப் பேசியதைவிடச் சீக்கிரமாகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.